படிக்க முடியாத தேர்வும் புரூக்ளின் பேஸ்மென்ட்டும்

எஸ்.ஏ.டி. தேர்வை நடத்தியவர்கள் பல வருஷங்களுக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள். இந்தத் தேர்வுக்கு யாரும் பயிற்சி கொடுக்க முடியாது, டியூஷன் வைப்பதில் பயனில்லை, உங்களுக்கு இயல்பாக என்ன திறமை இருக்கிறதோ அதற்கேற்ற மார்க்தான் வரும் என்றார்கள்.

நம் வீடுகளில் இதை யாரும் நம்பியதில்லை. பத்தாம் வகுப்பிலேயே மேஜை மேல் தலையணை மொத்தத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம் வந்து உட்கார்ந்துவிடும். சனிக்கிழமை காலை எங்கே போகவேண்டும் என்பதை உங்களைக் கேட்காமலேயே முடிவு செய்திருப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இந்தத் தேர்வின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அம்மா அப்பாவின் அந்த அவநம்பிக்கைக்கு நல்ல காரணம் இருப்பது தெரியும்.

முதலில், எஸ்.ஏ.டி.க்கு முந்தைய காலம். அமெரிக்காவில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென்று ஒரு நுழைவுத் தேர்வு வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தைக் குறைக்க 1900-ல் சில கல்லூரிகள் சேர்ந்து காலேஜ் போர்டு என்ற அமைப்பைத் தொடங்கின. அடுத்த வருஷம் ஜூனில் நடந்த முதல் தேர்வை எழுதியவர்கள் மொத்தம் 973 பேர். லத்தீன், கிரேக்கம், கணிதம், வரலாறு எனப் பாடவாரியாக விரிவாக எழுதும் தேர்வு அது. லத்தீனும் கிரேக்கமும் நன்றாகச் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் பெரும்பாலும் பணக்காரர்களின் தனியார் பள்ளிகள். எனவே அந்தக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், சாதாரண அரசுப் பள்ளிகளில் படித்தே இந்தத் தேர்வுகளில் தேறத் தொடங்கினார்கள். 1922-ல் ஹார்வர்டின் முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் யூதர். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவல் அதை 15 சதவீதத்தோடு நிறுத்த விரும்பினார். வெளிப்படையாக ஒதுக்கீடு வைப்பதற்கு எதிர்ப்பு வந்தது. அதனால் வேறு வழி தேடினார்கள்.

அந்த வழிதான் விண்ணப்பப் படிவம். அதில் புதிய கேள்விகள் முளைத்தன. அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயர் என்ன? அப்பா எந்த ஊரில் பிறந்தார்? உங்கள் பெயரோ அப்பாவின் பெயரோ எப்போதாவது மாற்றப்பட்டதா? பின்னர் போட்டோவும் கேட்டார்கள். நேர்காணல், பரிந்துரைக் கடிதம், குணநலன், தலைமைப் பண்பு, விளையாட்டு எல்லாம் எடை போடப்பட்டன. மார்க் எத்தனை வாங்கினாலும், ‘குணம் போதவில்லை’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்ப முடிந்தது. இன்று உங்கள் கவுன்சிலர் ‘ஹோலிஸ்டிக்’ என்று அழகாகச் சொல்கிறாரே, அந்த முறைக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. இதே முறை பின்னாளில் ஏழைப் பிள்ளைகளையும் கறுப்பின மாணவர்களையும் உள்ளே கொண்டுவரவும் உதவியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் அது பிறந்தது வேறு நோக்கத்தில்.

அதே காலத்தில்தான் எஸ்.ஏ.டி. வருகிறது. முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம் பதினேழு லட்சத்துக்கும் அதிகமான வீரர்களுக்கு ‘அறிவுத் தேர்வு’ வைத்தது. அதை நடத்திய குழுவில் இருந்த பிரின்ஸ்டன் உளவியலாளர் கார்ல் பிரிகம், அந்த மார்க்குகளை வைத்து 1923-ல் ஒரு புத்தகம் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தவரே அறிவில் உயர்ந்தவர்கள், மற்றவர்கள் குடியேறுவதால் நாட்டின் அறிவு மட்டம் இறங்குகிறது என்பது அதன் சாரம். (இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் பகத் சிங் திந்த் வழக்கில் சொன்னதும் அதே 1923-ல்தான். நம் பக்கத்து ஆட்கள் அந்தப் பட்டியலில் எங்கே இருந்திருப்போம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) காலேஜ் போர்டு தனது புதிய தேர்வை உருவாக்கும் பொறுப்பை இதே பிரிகமிடம் கொடுத்தது. 1926 ஜூன் 23-ம் தேதி முதல் எஸ்.ஏ.டி. நடந்தது. சுமார் 8,000 பேர் எழுதினார்கள். 97 நிமிடத்தில் 315 கேள்விகள்! இப்போது நீங்கள் லேப்டாப்பில் எழுதும் தேர்வு 2 மணி 14 நிமிடம். புலம்பும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

பிரிகம் 1930-ல் தன் புத்தகத்தின் முடிவுகளுக்கு ஆதாரம் இல்லை என்று தானே எழுதி, அவற்றைக் கைவிட்டார். ஆனால் தேர்வின் பெயரில் இருந்த ‘ஆப்டிட்யூட்’, அதாவது இயல்புத் திறன், அப்படியே நின்றுவிட்டது. 1930-களில் ஹார்வர்டின் புதிய தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டும் அவருடைய உதவியாளர் ஹென்றி சான்சியும் இந்தத் தேர்வை வேறு நோக்கத்தோடு எடுத்துக்கொண்டார்கள். நாட்டின் மூலைமுடுக்கில் இருக்கும் கெட்டிக்காரப் பையன்களைக் கண்டுபிடித்து உதவித்தொகையோடு அழைத்து வருவது அவர்கள் திட்டம். பள்ளி மோசமாக இருந்தாலும், வீட்டில் காசு இல்லாவிட்டாலும், திறமை தேர்வில் தெரிந்துவிடும் என்று நம்பினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது உண்மையாக இருக்கவேண்டும் என்றால் பயிற்சியால் மார்க் ஏறக்கூடாது. ஏறினால், காசு இருக்கிறவர்கள் பயிற்சியை வாங்கிவிடுவார்களே! ‘படிக்க முடியாத தேர்வு’ என்ற பிடிவாதம் இங்கிருந்துதான் வருகிறது.

அதை உடைத்தவர் ஒரு டியூஷன் வாத்தியார். ஸ்டான்லி கப்லான் புரூக்ளினில் ஒரு யூதக் குடியேறிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பிளம்பிங் தொழில் செய்தவர். நன்றாகப் படித்தும் மருத்துவக் கல்லூரிகள் அவரைச் சேர்க்கவில்லை. தான் யூதர் என்பதும், பணமில்லாதவர்கள் படிக்கும் அரசுக் கல்லூரியில் படித்ததும்தான் காரணம் என்று அவர் நினைத்தார். 1938-ல் பெற்றோர் வீட்டு பேஸ்மென்ட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1946-ல் ஒரு மாணவி எஸ்.ஏ.டி.க்கு உதவி கேட்டு வந்தாள். கப்லான் மாதிரிக் கேள்விகளைப் பார்த்தார். இது கற்றுக்கொடுக்கக்கூடியதுதான் என்று உடனே புரிந்தது. தேர்வு முடிந்த அன்று மாணவர்களுக்கு விருந்து வைப்பார். சாப்பிட வருகிறவர்கள் நினைவில் இருக்கும் ஒரு கேள்வியைச் சொல்லவேண்டும். அப்படித்தான் அவருடைய பயிற்சித் தாள்கள் வளர்ந்தன.

அந்த பேஸ்மென்ட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் யார்? கல்லூரி வாசலை மிதிக்காத, வேறு நாட்டிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள். பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்த அவர்களால் முடியாது. ஹார்வர்டில் படித்த மாமா யாரும் இல்லை. அவர்களால் முடிந்தது டியூஷன் காசு கட்டுவது. எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் இன்று சனிக்கிழமை காலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காத சென்டர்களைப் பார்த்தால், எனக்கு அந்த புரூக்ளின் வீடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

காலேஜ் போர்டு அவரை மோசடிக்காரர் போலவே பேசியது. விஷயம் மத்திய வர்த்தக ஆணையம் வரை போனது. 1979-ல் வந்த அறிக்கை, கப்லானின் வகுப்புகளால் ஒவ்வொரு பகுதியிலும் சராசரியாக சுமார் 25 மார்க் ஏறுகிறது என்று கண்டது. பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. அதே வருஷம் நியூயார்க் மாநிலம், தேர்வு முடிந்தபின் கேள்வி-விடைகளை மாணவர்களுக்குக் காட்டவேண்டும் என்று சட்டம் போட்டது. 1990-களில் ‘ஆப்டிட்யூட்’ என்ற சொல் பெயரிலிருந்து போனது. 2015-ல் காலேஜ் போர்டே கான் அகாடமியோடு சேர்ந்து இலவசப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. கப்லான் 2009-லேயே இறந்துவிட்டார், பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 90-களில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்த அப்பா அம்மாவுக்குத் தெரிந்தது கட்-ஆஃப். பிளஸ் டூ பாடங்களிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, மொத்தம் 300. அதில் தசமப் புள்ளியில் சீட் கிடைத்தவர்களும் உண்டு, தவறவிட்டவர்களும் உண்டு. 1984-ல் வந்த அந்த நுழைவுத் தேர்வை 2006-ல் ஒரு சட்டம் நீக்கியது. இவர்கள் சரியாக அந்த இடைவெளியில் மாட்டியவர்கள். நீச்சல் தெரியுமா, வயலின் வாசிப்பாயா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஈழத்து வீடுகளில் கதை இன்னும் ஆழமானது. இலங்கையில் 1971-ல் தரப்படுத்தல் வந்தபோது, பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவர்களுக்கு 400-க்கு 227 புள்ளி போதும். தமிழில் எழுதியவர்களுக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229-ம் 250-ம். உங்கள் தாத்தா, பெரியப்பா தலைமுறை அதைத் தாண்டி வந்தது, அல்லது தாண்ட முடியாமல் நின்றது. எனவே நீங்கள் சாப்பாட்டு மேஜையில், ‘இங்க மார்க் மட்டும் பாக்க மாட்டாங்கப்பா’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது, அவர்கள் காதில் விழுவது வேறு. நம் பிள்ளை புள்ளி எடுத்தபின் யாரோ விதியை மாற்றப்போகிறார்கள் என்று விழும். 1922-ல் ஹார்வர்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே. அவர்கள் விவரம் தெரியாமல் பயப்படவில்லை.

ஆனாலும் இந்த நாட்டில் மார்க்கை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது உதவாது. கலிபோர்னியா பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.டி. மார்க்கைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. கொரோனாவில் தேர்வை விலக்கிய எம்.ஐ.டி. 2022-லும், டார்ட்மத், யேல், ஹார்வர்ட் ஆகியவை 2024-லும் மறுபடி கட்டாயமாக்கின. வேறு பல கல்லூரிகளில் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஆகவே ஆறு மாதச் சனிக்கிழமைகளை ஒப்படைக்கும் முன், நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் விதியை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

2023-ல் வந்த ஓர் ஆய்வு, ஒரே அளவு மார்க் எடுத்த நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட, முதல் ஒரு சதவீதப் பணக்கார வீட்டுப் பிள்ளை ஐவி லீக் போன்ற கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இருமடங்குக்கும் மேல் என்று சொன்னது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்னுரிமை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. அதனால் 1560 எடுத்த அண்ணனுக்கு இடம் கிடைக்காத வருஷம், வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருப்பது தேவையில்லை. அந்த மார்க்கில் அவன் குறை எதுவும் இல்லை.

பொதுவாக எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும் அந்த விண்ணப்பத்தில் இன்றும் குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. அப்பா என்ன வேலை, அம்மா எதுவரை படித்தார், எந்தக் கல்லூரி. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தனியாக அறைக்குள் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் தட்டிவிடுகிறார்கள். அதை மட்டும் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அப்படியே அவர்களுடைய கட்-ஆஃப் எவ்வளவு, எந்தப் பாடத்தில் போனது என்று கேளுங்கள். பதில் இரண்டு நிமிடத்தில் முடியாது, டீ போட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள்.