காற்றடைத்த சிறு நீச்சல் குளப் பராமரிப்பு

காற்றடைத்த சிறு நீச்சல் குளம் என்பது வீட்டுப் பின்முற்றத்தில் குழந்தைகள் நீரில் விளையாடுவதற்காகக் காற்று நிரப்பி அமைக்கப்படும், மடித்து வைக்கத்தக்க நெகிழித் தொட்டி ஆகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம், ஆத்திரேலியா முதலிய நாடுகளில் கோடைக் காலத்தில் இது பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. நிலையான நீச்சல் குளங்களில் உள்ள வடிகட்டியும் நீரேற்றியும் இவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே இவற்றின் நீர் ஓரிரு நாட்களிலேயே மாசடைகிறது. ஒரு வாரத்துக்கு மேல் தேங்கினால் கொசு (நுளம்பு) பெருகும் இடமாகவும் மாறிவிடுகிறது. இக்கட்டுரை பெரிதும் ஐக்கிய அமெரிக்க நடைமுறைகளை அடிப்படையாகக் கொண்டது.

அமைப்பும் அளவும்

இக்குளங்கள் பெரும்பாலும் பாலிவினைல் குளோரைடு (பிவிசி) தாள்களை வெப்பத்தால் ஒட்டி உருவாக்கப்படுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு அல்லது மூன்று காற்று வளையங்கள் சுவராக நின்று நீரைத் தாங்குகின்றன. 1.5 மீட்டர் விட்டமுள்ள குளத்தில் 20 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிரப்பினால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 350 லீட்டர் ஆகும். இவ்வகைக் குளத்தை ஒருவரே கவிழ்த்து வடித்துவிட முடியும்.

மேல் விளிம்பில் மட்டும் காற்று வளையம் கொண்ட பெரிய வகையும் உண்டு. 10 அடி (3 மீட்டர்) விட்டமும் 30 அங்குல (76 செ.மீ.) உயரமும் உள்ள இத்தகைய குளம் ஏறத்தாழ 3,800 லீட்டர் கொள்ளும். இதனை நாள்தோறும் வடிப்பது இயலாது. பராமரிப்பு முறை இரு வகைக்கும் அடிப்படையிலேயே வேறுபடுகிறது. சிறிய குளத்தைத் தூய்மையாக வைப்பது வடித்தல். பெரிய குளத்தைத் தூய்மையாக வைப்பது வடிகட்டலும் குளோரினும். சிறிய குளத்தைப் பெரியதைப் போல மருந்திட்டுக் காக்க முயல்வதும், பெரியதைச் சிறியதைப் போல மருந்தின்றி விட்டுவிடுவதும் இரு பொதுவான தவறுகள்.

நீர் மாசடையும் விதம்

ஒரு பொது நீச்சல் குளத்தில் குளிப்பவர் ஒருவருக்குப் பல ஆயிரம் லீட்டர் நீர் இருக்கும். சிறு குளத்தில் மூன்று குழந்தைகள் இறங்கினால் ஒருவருக்கு ஏறத்தாழ நூறு லீட்டரே கிடைக்கிறது. வியர்வை, சிறுநீர், வெயில்காப்புப் பூச்சு, காலில் ஒட்டிய மண், புல் ஆகிய அனைத்தும் இச்சிறு அளவு நீரிலேயே கலக்கின்றன. ஆழம் குறைவானதால் நீர் விரைவில் வெதுவெதுப்பாகி நுண்ணுயிரிகள் பெருக ஏதுவாகிறது. குழாய் நீரில் எஞ்சியுள்ள சிறிதளவு குளோரினும் இந்த அழுக்கினாலும் வெயிலினாலும் செலவாகிவிடுகிறது. சில நாட்களில் தாள்களின் ஒட்டுகளிலும் மடிப்புகளிலும் வழவழப்பான படலம் ஒன்று தோன்றும். நுண்ணுயிரிகள் தம்மைச் சுற்றி உருவாக்கிக்கொள்ளும் இப்படலம் அவற்றைக் குளோரினிலிருந்து காப்பதால், தேய்த்து அகற்றினாலன்றிப் போகாது. பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரிவதால் அதையே பலர் அஞ்சுவர். ஆனால் தெளிவாகத் தோன்றும் நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம்.

நோய்ப் பரவல்

சிறு குளங்களில் முதன்மையான இடர் மலத்தின் வழியே பரவும் வயிற்றுப்போக்கு நோய்களாகும். அரையாடைக் குழந்தைகள் இக்குளங்களை மிகுதியாகப் பயன்படுத்துவதும், அவர்கள் நீரை விழுங்குவதும் இதற்குக் காரணம். 1992இல் இசுக்காட்லாந்தில் எசரிக்கியா கோலை ஓ157 என்னும் பாக்டீரியத் தொற்று, மடித்து வைக்கத்தக்க குழந்தைகள் குளம் ஒன்றின் வழியாகப் பரவியது. அக்குளம் சில நாட்கள் வடிக்கப்படாமலும் கிருமி நீக்கப்படாமலும் இருந்தது விசாரணையில் தெரிய வந்தது. 1998இல் ஐக்கிய அமெரிக்காவின் சியார்சியா மாநிலத்தில் நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றில் இதே பாக்டீரியத் தொற்று 26 பேரிடம் உறுதி செய்யப்பட்டது. ஒரு குழந்தை இறந்தது. இந்நோய் சில குழந்தைகளில் சிறுநீரகச் செயலிழப்பு வரை செல்லக்கூடியது.

இந்தப் பாக்டீரியம் குளோரினுக்கு எளிதில் அழியும். முறையாகக் குளோரின் இடப்பட்ட நீரில் அது ஒரு நிமிடம்கூட நிலைப்பதில்லை. சியார்டியா என்னும் ஒட்டுண்ணி ஏறத்தாழ 45 நிமிடங்கள் தாங்கும். கிரிப்டோசுபோரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ தடித்த ஓடு கொண்டிருப்பதால் அதே நீரில் ஒரு வாரத்துக்கும் மேலாக உயிர்வாழும். ஆகவே வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காமலிருப்பதே இதற்கு உரிய காப்பு. கிரிப்டோசுபோரிடியத் தொற்று உறுதியானால், வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் இரண்டு வாரங்கள் இறக்கலாகாது.

சிறு குளத்தில் குளோரின் இடுவதன் சிக்கல்

சிறு குளத்தில் சிறிது வெளுப்பு நீர்மம் (பிளீச்சிங் திரவம்) ஊற்றினால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 350 லீட்டர் நீரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் குளோரின் இருக்க 0.35 கிராம் குளோரின் தேவை. 100 மில்லி லீட்டருக்கு 5 கிராம் குளோரின் கொண்ட வெளுப்பு நீர்மத்தில் இது 7 மில்லி லீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. கைப்போக்கில் அரைக் குவளை ஊற்றினால் பத்து மடங்குக்கும் மேல் மிகுந்து கண், தோல், மூச்சுக்குழல் ஆகியவற்றில் எரிச்சலை உண்டாக்கும். சரியாக அளந்து ஊற்றினாலும், நேர் வெயிலில் அதன் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் சிதைந்துவிடும். நீரைச் சுழற்றிக் கலக்கும் கருவியும் இல்லை. காலையில் மிகுதி, மாலையில் இன்மை என்ற நிலையே ஏற்படும். இக்காரணங்களால் ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நடுவங்கள் வடிகட்டி இல்லாத சிறு குளங்களுக்கு, மருந்திடுதலை விட ஒவ்வொரு நாளும் வடித்து உலர்த்துவதையே பரிந்துரைத்துள்ளன.

வடித்தலும் உலர்த்தலும்

விளையாடி முடித்தவுடன் நீர் முழுவதும் வடிக்கப்பட வேண்டும். அடுத்த நாளும் பயன்படுத்தலாம் என்று வைத்திருப்பது மேற்கூறிய எல்லாச் சிக்கல்களுக்கும் தொடக்கமாகும். வடித்த பின் உட்புறத்தைச் சவர்க்கார நீரில் மென்மையான தூரிகையால் தேய்த்து அலசலாம். ஒட்டுகளையும் வளையங்களின் இடுக்குகளையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உலர்ந்த பின் குளத்தை இயன்றவரை நான்கு மணி நேரமாவது வெயிலில் வைத்தல் நன்று. வெயிலும் வறட்சியும் பெரும்பாலான கிருமிகளுக்கு ஒவ்வாதவை, செலவும் இல்லை.

நீரில் மலம் கலந்துவிட்டால் குழந்தைகளை உடனே வெளியேற்றி, நீரை வடித்து, சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பின்னர் ஒரு லீட்டர் நீருக்கு 20 மில்லி லீட்டர் வெளுப்பு நீர்மம் கலந்த கரைசலை உட்புறம் முழுவதும் தடவிச் சில நிமிடங்கள் விட்டு, நன்றாக அலசி உலர்த்த வேண்டும். வெளுப்பு நீர்மத்துடன் வினிகர் போன்ற அமிலங்களையோ அமோனியா கலந்த துப்புரவுப் பொருட்களையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சு வளிமங்கள் வெளிப்படும்.

நாள்தோறும் 350 லீட்டர் வடிப்பது வீண் என்ற மறுப்பு நியாயமானதே. கலிபோர்னியா போன்று அடிக்கடி வறட்சிக்கு உள்ளாகும் மாநிலங்களில் இது சிறிய செய்தியன்று. மருந்திடப்படாத அந்நீரைப் புல்தரைக்கோ மரங்களுக்கோ பாய்ச்சலாம். குழந்தைகளின் கணுக்காலளவுக்கு மட்டும் நிரப்புவது இன்னும் சிறந்த வழி.

வடித்தலுக்குத் தூய்மையினும் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. சிறு குழந்தை சில சென்டிமீட்டர் ஆழ நீரிலும் மூழ்கி இறக்கக்கூடும். 2001 முதல் 2009 வரையான காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் இடம்பெயர்க்கத்தக்க குளங்களில் 209 குழந்தைகள் மூழ்கி இறந்ததாக 2011இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். அந்நாட்டின் பல உள்ளூர் விதிகள் 24 அங்குலத்துக்கு (61 செ.மீ.) மேல் ஆழமுள்ள குளங்களுக்கே வேலியைக் கட்டாயமாக்குகின்றன, சிறு குளங்கள் அவ்விதியில் அடங்குவதில்லை.

கொசுக்கள்

கோடை வெப்பத்தில் கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். முட்டை, குடம்பி (புழு), கூட்டுப்புழு ஆகிய மூன்று நிலைகளும் நீரைச் சார்ந்தவை. வார இறுதியில் விளையாடிவிட்டு அடுத்த வார இறுதி வரை நீரை விட்டுவைக்கும் வழக்கம் கொசுவின் வளர்ச்சிக்கு மிகச் சரியாகப் பொருந்திவிடுகிறது.

கியூலெக்சு இனக் கொசுக்கள் அழுகிய இலை, புல் கலந்த தேங்கு நீரை விரும்புகின்றன. இவை நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைத் தெப்பம்போல் ஒன்றாக ஒட்டி நீரின் மேல் மிதக்க விடுகின்றன. 1999இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய மேற்கு நைல் தீநுண்மத்தைப் பரப்புபவை பெரிதும் இவையே. தேங்கிய குள நீர் எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டம் சான்று. 2007இல் வீட்டுக்கடன் நெருக்கடியால் அங்குப் பல வீடுகள் கைவிடப்பட்டு, அவற்றின் நீச்சல் குளங்கள் பாசி பிடித்துக் கிடந்தன. அக்கோடையில் அங்கு மனிதரிடையே மேற்கு நைல் நோய் 276 விழுக்காடு கூடியதை ஆய்வாளர்கள் அக்குளங்களுடன் தொடர்புபடுத்தினர். அவை நிலையான குளங்கள். எனினும் கொசுவுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

ஏடிசு இனக் கொசுக்களின் வழக்கம் வேறு. இவை முட்டைகளை நீரில் இடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கின்றன. அம்முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்து கிடந்தாலும் உயிருடன் இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வடித்தால் மட்டும் போதாது. சுவரைத் தேய்க்கவும் வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் இக்கொசு இனங்கள், தெற்கு ஐக்கிய அமெரிக்காவின் வீட்டு முற்றங்களிலும் உள்ளன.

புழுக்கள் கொண்ட நீரை உலர்ந்த மண்ணில் ஊற்றினால் அவை இறந்துவிடும். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அங்குத் தேங்கும் நீரில் வளர்ச்சியைத் தொடரலாம். குளிப்பதற்கு ஏற்ற அளவிலான குளோரின் கொசுப் புழுக்களை உறுதியாகக் கொல்வதில்லை. மண்ணெண்ணெய், சமையல் எண்ணெய் ஆகியவற்றை ஊற்றுவது குளத்தைப் பயனற்றதாக்கும். கலிபோர்னியாவின் கொசு ஒழிப்பு மாவட்ட அமைப்புகள் பல, கைவிடப்பட்ட குளங்களுக்குக் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன்களை விலையின்றித் தருகின்றன. குழந்தைகள் குளத்துக்கு அது பொருந்தாது என்பது சொல்லாமலே விளங்கும்.

பிற உயிரினங்கள்

வறண்ட கோடையில் தேனீக்களும் குளவிகளும் நீர் அருந்த வருவதுண்டு. இனிப்புப் பானங்களைக் குளத்தருகே வைக்காதிருப்பது இவற்றின் வரவைக் குறைக்கும். சிறிய வண்டு போன்ற நீர்ப்பூச்சிகள் நீந்தக் கண்டால் நீரில் பாசி தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். ஒருவகைப் பூச்சி பாசியைத் தின்ன வருகிறது. மல்லாந்து நீந்தும் மற்றொரு வகை அதனைத் தின்ன வருகிறது. மல்லாந்து நீந்துவது மனிதரையும் வலிக்கக் கடிக்கும்.

வட அமெரிக்காவில் காணப்படும் ஒரு சிக்கல் ரக்கூன் என்னும் விலங்கு. இது இரவில் முற்றங்களுக்கு வந்து ஆழமற்ற நீரில் மலம் கழிக்கும். அம்மலத்தில் பேலிசாசுகாரிசு என்னும் உருளைப் புழுவின் முட்டைகள் இருக்கலாம். அரிதாக மனிதரைத் தொற்றினாலும் இது மூளையைத் தாக்கக்கூடியது. குளோரின் இம்முட்டைகளைக் கொல்லாது. அவை தொற்றும் நிலையை அடைய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆவதால், கையுறை அணிந்து உடனே அகற்றுவது பயனளிக்கும். மலம் நாட்பட்டதெனத் தோன்றினால் விலை மலிந்த குளத்தை எறிந்துவிடுவதே மேல்.

பெரிய வளைய வகைக் குளங்கள்

வடிகட்டியுடன் கூடிய பெரிய குளங்களில் தன்னிலைக் குளோரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காவது எப்போதும் இருக்க வேண்டும். வெயிலில் குளோரின் சிதையாமலிருக்கச் சயனூரிக் அமிலம் சேர்க்கப்பட்டால், அது குளோரினின் வேகத்தையும் குறைப்பதால், இரண்டு பங்கு தேவை. நீரின் பிஎச் அளவு 7.0க்கும் 7.8க்கும் இடையில் இருத்தல் வேண்டும். பிஎச் 7.5இல் குளோரினின் ஏறத்தாழ பாதி கிருமி கொல்லும் வடிவில் இருக்கும். 8ஐ எட்டினால் கால் பங்கே எஞ்சும். இவ்விரண்டையும் சோதனைத் தாள்களால், பயன்படுத்தும் நாட்களில் இருமுறை பார்த்தல் நன்று. வடிகட்டி உறையை அடிக்கடி அலச வேண்டும். வெவ்வேறு வகைக் குளோரின் மருந்துகளை ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் கூடும். மருந்தின் மேல் நீரை ஊற்றாமல், நீரிலேயே மருந்தை இட வேண்டும்.

மூடுவிரிப்பு இலைகளையும் விலங்குகளையும் தடுக்கும். ஆனால் அதன் மேல் தேங்கும் மழைநீரில் கொசு முட்டையிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளோரின் இடப்பட்ட நீரை மழைநீர் வடிகாலில் விட்டால் ஓடைகளில் மீன்கள் இறக்கக்கூடும். மருந்திடுவதைச் சில நாட்கள் நிறுத்தி, குளோரின் நீங்கியதைச் சோதித்த பின், உள்ளூர் விதிப்படி வெளியேற்ற வேண்டும்.

மடித்து வைத்தல்

பருவ இறுதியில் கழுவிய குளத்தை முழுவதும் உலர்த்தியே மடிக்க வேண்டும். மடிப்பில் ஈரம் எஞ்சினால் கரும்பூஞ்சை படியும்; அதன் கறை எளிதில் நீங்காது. தாள்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்க முகப்பூச்சு மாவைச் சிறிது தூவுவர். எலிகள் நெகிழியைக் கடிப்பதால், மூடியுள்ள பெட்டியில் வைப்பது நல்லது. வெறுமனே சுருட்டி முற்றத்து மூலையில் போடப்பட்ட குளத்தின் மடிப்புகளில் மழைநீர் தேங்கி, இலையுதிர் காலத்திலும் கொசு வளர்கிறது.