சொன்னதும் அணிந்ததும்: முகக்கவச மனப்பாங்கை அளப்பது பற்றி

மேற்குக் கென்யாவின் ஊர்ப்புறங்களில் 2020ஆம் ஆண்டு தொலைபேசி வழியே விசாரித்தபோது, பொது இடங்களில் முகக்கவசம் அணிவதாக 88 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே வட்டாரத்தில் வெளியே நடமாடியவர்களை ஆய்வாளர்கள் நேரில் பார்த்து எண்ணியபோது, அணிந்திருந்தவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. மக்கள் பொய் சொல்கிறார்கள், ஆகவே கேள்வித்தாள் பயனற்றது என்று முடிவுகட்டத் தூண்டும் எண்கள் இவை. ஆனால் அது அவசர முடிவு. முகக்கவசமின்றி வெளியே வருவோருக்கு 20,000 ஷில்லிங் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க அந்நாட்டுச் சட்டம் அப்போது இடம் தந்திருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் கேட்கும்போது வரும் ‘அணிகிறேன்’ என்ற பதில், எதைச் செய்வது முறை என்று ஊர் ஏற்றுக்கொண்டிருக்கிறது, எதைச் சொன்னால் வில்லங்கம் வரும் என்பவற்றுக்கு நல்ல சான்று. அவர் நேற்றுச் சந்தைக்கு எப்படிப் போனார் என்பதற்கு அது சான்றாகாது. கோவிட் பெருந்தொற்றுக் காலத்து அளவுகோல்கள் பெரும்பாலும் இத்தகைய பதில்களைத் திரட்டி, அவற்றுக்கு மனப்பாங்கு என்று பெயர் சூட்டின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனப்பாங்கை அளக்க முடியும் என்று உளவியலாளர் தர்ஸ்டன் 1928இல் வாதிட்டார். ஒரு கூற்றைத் தந்து, உடன்படும் அளவைப் படிநிலையில் குறிக்கச் சொல்லும் எளிய முறையை மற்றோர் உளவியலாளரான லைக்கர்ட் 1932இல் வகுத்தார். இரண்டே ஆண்டுகளில் அதற்கு முதல் அடி விழுந்தது. சீனத் தம்பதியருடன் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்த சமூகவியலாளர் லாப்பியரின் குழுவை 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றே ஒன்றுதான் திருப்பி அனுப்பியது. பின்னர் கடிதம் எழுதிச் சீனரை ஏற்பீர்களா என்று கேட்டதற்குப் பதில் தந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மாட்டோம் என்றனர். அங்கே சொல் கடுமை, செயல் இணக்கம்; கென்யாவில் இது தலைகீழ். இரண்டிலும் பதிலைத் தீர்மானித்தது கேள்வி வந்த சூழல். இந்தப் பழைய பாடம் 2020இல் ஏனோ யாருக்கும் அவ்வளவாக நினைவுக்கு வரவில்லை.

அவ்வாண்டு ஆய்வாளர் ஹோவர்ட் உருவாக்கிய முகக்கவச அளவுகோல் கவனமாகச் செய்யப்பட்ட ஒன்று. வசதி, பயன்மீதான ஐயம், கிடைக்கும் நிலை, பிற தற்காப்புகளால் ஈடுசெய்தல், தொந்தரவு, தோற்றம், பிறர் கவனம், தன்னுரிமை என எட்டுக் கூறுகளை 32 கூற்றுகளால் அது அளக்கிறது. இவற்றைப் பிரித்துக் காட்டியது பெரிய உதவி. ஆனால் இவை எட்டும் ஒரே இனத்தவை அல்ல. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது உடல் அறியும் செய்தி. கிடைக்காமை கடைத்தெரு நிலவரம். தோற்றமும் பிறர் கவனமும் அடுத்தவர் கண்ணைப் பொறுத்தவை. தன்னுரிமையோ ஆணையிட்டவரோடு உள்ள உறவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் டெய்லரும் அஸ்மண்ட்சனும் செய்த ஆய்வில், எதிர்மறை எண்ணங்களுக்கு நடுநாயகமாக நின்றவை இரண்டு: முகக்கவசத்தால் பயனில்லை என்ற நம்பிக்கையும், கட்டாயப்படுத்தினால் முரண்டு பிடிக்கும் இயல்பும். இரண்டாவது, துணியைப் பற்றிய உணர்வே அல்ல. பயன் பற்றிய ஐயமும் முற்றிலும் தனிமனிதச் சொத்தன்று. 2020 பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலர், முகக்கவசம் வாங்குவதை நிறுத்துங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். ஏப்ரல் 3 அன்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் துணிக் கவசம் அணியச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் ஜூன் 5 அன்று தன் நிலையை மாற்றியது. ‘பொதுமக்களுக்கு இதனால் பயனில்லை’ என்ற கூற்றுக்கு மார்ச்சில் உடன்பட்டவர் அரசு சொல் கேட்டவர்; அதே கூற்றுக்கு ஜூலையில் உடன்பட்டால் அவரே ஐயவாதி. அவர் நகரவில்லை, அளவுகோலின் சுழி நகர்ந்தது. நாளைக் கணக்கில் கொள்ளாமல் இரு கணிப்புகளை ஒப்பிட்டு ‘ஐயம் வளர்ந்தது’ என்று எழுதுவது, கரையை விட்டுவிட்டுப் படகை மட்டும் பார்ப்பது போன்றது.

இதற்கு அளவியலார் ஒரு வலுவான மறுப்பு வைத்திருக்கிறார்கள். இவ்வகை அளவுகோல்களில் கூற்றுகள் ஒன்றோடொன்று இணங்குகின்றன, மதிப்பெண் கூடினால் அணியும் பழக்கம் குறைகிறது. பிறகென்ன குறை என்பார்கள். உள்ளிணக்கத்தை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரே மனநிலையில் ஒரே அமர்வில் தந்த பதில்கள் தமக்குள் இணங்குவது வியப்பில்லை. பழக்கத்தைக் கணிக்கிறது என்பதில்தான் சிக்கல்: அந்தப் பழக்கமும் பெரும்பாலும் அதே தாளில் அவரே எழுதியது. சொல் சொல்லைக் கணித்திருக்கிறது. 88க்கும் 10க்கும் நடுவே எவ்வளவு இடமிருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதையே சான்றாக ஏற்க முடியாது.

அப்படியானால் உணர்வைக் கேட்பதையே விட்டுவிட்டு, அணிந்தவர்களை எண்ணினால் போதாதா? வங்காளதேசத்தில் 600 கிராமங்களில், 3,42,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே நடந்த சோதனை இந்த வாதத்துக்கு ஆள்பலம் சேர்க்கிறது. கவசம் இலவசமாகக் கிடைத்தது, ஊர்ப் பெரியவர்களும் இமாம்களும் அணிந்து காட்டினார்கள், அணியாதவரிடம் நேரில் நினைவூட்டினார்கள். நேரில் பார்த்து எண்ணியதில் சரியாக அணிந்தோர், இம்முயற்சி நடக்காத கிராமங்களில் 13 விழுக்காடு, நடந்தவற்றில் 42. மனத்தை அளக்காமலே முகம் மாறியது உண்மைதான். ஆனால் ஐந்து மாதங்களுக்குப் பின் வேறுபாடு ஏறக்குறைய 10 புள்ளிகளாகச் சுருங்கியது. தொடர்ந்தவர் யார், கழற்றியவர் யார், ஏன் என்பதற்கு, தெருவில் நின்று எண்ணுகிறவரிடம் விடை கிடையாது. மனமுவந்து அணிந்த முகமும் மனங்கசந்து அணிந்த முகமும் அவருக்கு ஒன்றே.

ஆகவே இரண்டும் வேண்டும். அதுவும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில். கூற்றுகளும் குறுக வேண்டும். ‘முகக்கவசம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, நேற்றுப் பேருந்தில், கடையில், உறவினர் வீட்டில் என இடம் சுட்டிக் கேட்பதும், அங்கே மற்றவர்களில் எத்தனை பேர் அணிந்திருந்தார்கள் என்று கேட்பதும் பயன் தரும். பிந்தைய கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு ஜப்பான் சான்று. 2020 மார்ச் இறுதியில் நகயாச்சியும் உடன் ஆய்வாளர்களும் செய்த கணிப்பில், அணிவதை எல்லாவற்றிலும் வலுவாக விளக்கிய காரணம் பிறர் அணிகிறார்கள் என்பதே; அடுத்தது, அணிந்தால் பதற்றம் தணிகிறது என்பது. நோயிலிருந்து காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம் இவற்றுக்கு வெகுவாகப் பிந்தியது. 2023 மார்ச் 13 முதல் அணிவதை அவரவர் முடிவுக்கே விடுவதாக அந்நாட்டு அரசு அறிவித்த பின்னரும் கணிசமானோர் கழற்றவில்லை. தன்னுரிமை என்ற கூறு அவர்களிடம் எதை அளக்கும்? எதிர்த்து நிற்க ஆணை இல்லாத இடத்தில் அந்தக் கூற்றுகள் பொருளிழக்கின்றன. அங்கே முதலில் கேட்க வேண்டியது, அடுத்தவர் கழற்றினால் நீங்களும் கழற்றுவீர்களா என்பதுதான்.