நெடுவழியில் தங்குமிடங்கள்

தலைநகர் தில்லியில் சராய் காலே கான் என்றோர் இடம் உண்டு. இன்று அங்கே வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. பேர் சராய், ஜியா சராய் என்னும் பெயர்களும் நகரில் வழங்குகின்றன. சராய் என்னும் பாரசீகச் சொல் வழிப்போக்கர் தங்கும் இடத்தைக் குறிக்கும். நாம் சத்திரம் என்று சொல்வதை ஒத்தது. நெடுவழிப் பிரயாணத்தில் தங்குமிடம் பெற்றிருந்த மதிப்பை இப்பெயர்கள் உணர்த்துகின்றன. மின்சாரக் காரில் நெடுந்தொலைவு செல்ல எண்ணுபவர் இன்று கேட்கும் முதற் கேள்வியும் 'வழியில் எங்கே நிற்பது?' என்பதே. இக்கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதனைச் சிறிது நோக்குவோம்.

1540 முதல் 1545 வரை வட இந்தியாவை ஆண்ட ஷேர் ஷா, வங்காளத்துச் சோனார்காவோனிலிருந்து சிந்து நதிவரை சென்ற பெருவழியைச் செப்பனிட்டார். இரண்டு குரோசத்துக்கு ஒன்றாக, அதாவது ஏறத்தாழ 6 அல்லது 7 கிலோமீட்டருக்கு ஒன்றாக, சராய்களை அமைத்தார் என்றும், அவர் வழிகளில் எழுந்த சராய்கள் 1,700 என்றும் அக்பர் காலத்து வரலாற்றாசிரியர் அப்பாஸ் கான் சர்வானி எழுதியிருக்கிறார். வாயிலில் நீர்ப் பானைகள் இருந்தன. நடுவே கிணறு இருந்தது. குதிரைகளுக்குத் தீனி கிடைத்தது. செய்தி கொண்டு செல்வோருக்காகச் சராய்தோறும் இரண்டு குதிரைகள் நிறுத்தப்பட்டிருந்தன. இவற்றினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. காவலர், பணியாளர் ஆகியோரின் ஜீவனத்துக்குச் சராயை அடுத்த நிலங்களின் வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது. கட்டியதோடு மன்னர் நின்றுவிடவில்லை. அது நாள்தோறும் நடப்பதற்கும் வழி செய்தார்.

குதிரையின் இடத்தை யந்திரம் பெற்றபோதும் இந்தத் தேவை நீங்கவில்லை. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு புதல்வர்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தார். வழியில் எரிபொருள் குறைந்தது. எரிபொருள் விற்கும் நிலையம் அக்காலத்தில் எங்கும் இல்லை. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், கறை நீக்கப் பயன்பட்ட லிக்ராயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு அவர் மேலே சென்றார். புட்டியில் அடைத்து விற்கக்கூடிய எரிபொருளுக்கு எந்தக் கடையும் தங்குமிடம் ஆகலாம் என்பதை அப்பிரயாணம் காட்டிற்று.

மின்சார வண்டிக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. 1897இல் லண்டன் தெருக்களில் வால்டர் பெர்சி என்பவர் அமைத்த மின்சார வாடகை வண்டிகள் ஓடின. மின்கலம் தீர்ந்ததும் வண்டி தன் நிலையத்துக்குத் திரும்பும்; அங்கே பழையதை இறக்கி, மின்னேற்றிய வேறொன்றைப் பொருத்துவார்கள். நியூயார்க்கிலும் அவ்வாறே செய்தனர். 1900இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை மின்சாரக் கார்கள். ஓசையும் புகையும் இல்லாத அவ்வண்டிகளை நகரத்தார் விரும்பினர். பெட்ரோல் கார்களைப் பெருக்கிய ஹென்றி ஃபோர்டின் மனைவியே மின்சாரக் கார் ஒன்றை வைத்திருந்தார்.

ஆயினும் அவ்வண்டிகள் மறைந்தன. 1908இல் வந்த ஃபோர்டின் 'மாடல் டி' காரின் மலிவு ஒரு காரணம். 1912இல் காடிலாக் காரில் வந்த மின்சாரத் துவக்கி, கைப்பிடியைச் சுழற்றி யந்திரத்தைக் கிளப்பும் தொல்லையைப் போக்கியது மற்றொரு காரணம். மூன்றாவது காரணமே நம் பொருளுக்கு உரியது. நகர எல்லையைத் தாண்டினால் அமெரிக்க நாட்டுப்புறங்களில் மின்சாரமே அரிதாக இருந்தது. நகரத்துக்குள் நன்றாக ஓடிய வண்டிக்கு நெடுவழியில் நிற்க இடமில்லை.

நம் நாட்டில் 2001இல் பெங்களூரில் ரேவா என்னும் சிறிய மின்சாரக் கார் வெளிவந்தது. ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும் அதுவும் நகர வண்டியாகவே விளங்கிற்று. நெடுவழியைப் பற்றிய சிந்தனை 2018இல் உருப்பெற்றது. மின்சாரத்தை விநியோகிக்க உரிமம் வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். வண்டிக்கு மின்னேற்றுவது ஒரு சேவையே. அதற்கு அவ்வுரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வகுத்த நெறிமுறைகளில், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும், நெடுந்தொலைவு செல்லும் வண்டிகளுக்கும் கனரக வண்டிகளுக்கும் 100 கிலோமீட்டருக்கு ஒரு விரைவு மின்னேற்ற நிலையமும் அமைய வேண்டும் என்று கூறியது. இவை பின்னர் திருத்தப்பட்டன. எனினும் தங்குமிடங்களுக்கு இடைத்தொலைவை அரசு வரையறுக்கும் பழைய முறை இங்கே மீண்டும் தோன்றியதைக் காண்கிறோம்.

தில்லியிலிருந்து லக்னோவுக்குச் செல்லும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். ஆக்ராவரை 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச்சாலை. நகருக்குள் ஓடுவதையும் சேர்த்தால் 200க்கு மேல் ஆகும். அப்பால் லக்னோவரை 302 கிலோமீட்டர். காரோ விரைவுச்சாலையில் முழு மின்னேற்றத்தில் 300 கிலோமீட்டர் ஓடக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கை எப்பொழுதும் இருப்பாக வைத்துக்கொள்வது விவேகம். மின்கலம் நிறைய நிறைய மின்சாரம் ஏறும் வேகம் குறைவதால், வழியில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் காத்திருப்பது வீண். ஆகவே முதற் கட்டத்தில் 240 கிலோமீட்டரும், பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் 180 கிலோமீட்டரும் ஓடலாம். ஆக்ராவில் உணவு வேளையில் ஒரு நிறுத்தம், அப்பால் பாதி வழியில் ஒரு நிறுத்தம், ஆக இரண்டு போதும். அந்த இரண்டாவது நிலையம் பழுதுபட்டிருந்தால்? அப்போது கலத்தில் 30 சதவீதம், அதாவது 90 கிலோமீட்டருக்குரிய மின்சாரம், மிஞ்சியிருக்கும். அடுத்த நிலையத்தை அடைந்துவிடலாம். வேகம் கூடினாலும் குளிர் மிகுந்தாலும் இக்கணக்கு சுருங்கும். மார்கழி மாதத்துப் பிரயாணி அதற்கும் இடம் விட வேண்டும்.

இக்கணக்கைப் பிரயாணி எவ்வளவு கவனமாகப் போட்டாலும், அது ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. குறித்த இடத்தில் நிலையம் இருக்க வேண்டும். இருக்கும் நிலையம் வேலை செய்ய வேண்டும். எந்தக் கம்பெனியின் காரானாலும் அதற்குப் பொருந்த வேண்டும். நிலையங்களின் எண்ணிக்கை மட்டும் இந்த நம்பிக்கையைத் தராது. பழுது பார்ப்பவருக்கும் காவலருக்கும் ஊதியம் எங்கிருந்து வரும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். சராயைக் கட்டிய மன்னர் அதற்கு நிலம் ஒதுக்கியது இதற்காகவே. வாயிலில் பானை இருந்தால் மட்டும் வழிப்போக்கரின் தாகம் தீராது. நாள்தோறும் அதில் நீர் நிரப்ப ஓர் ஆள் வேண்டும்.