ஆற்றுப்படுத்தும் சீமை

திருவண்ணாமலையில் விற்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் எல்லாம் ஒரே அச்சுதான். 217 அடி ராஜகோபுரம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, எட்டு லிங்கம், சாத்தனூர் அணை, ஜவ்வாது மலை. பார்த்தாச்சு, பஸ் ஏறு.

இந்தச் சீமைக்கு இவற்றைவிடப் பழைய வழிகாட்டி ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம், 583 அடி. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. செங்கண்மா இன்றைய செங்கம்; அவனுடைய நவிரமலையைப் பர்வதமலை என்கிறார்கள்; அதில் வரும் சேயாறுதான் செய்யாறு. எம்.ஏ. வகுப்பில் இதை இயற்கை வருணனை என்றே எனக்கு நடத்தினார்கள். யாருக்குச் சொன்ன வழி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. முழவும் ஆகுளியும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு நடந்துபோன தோல்கருவிக்காரர்களுக்குச் சொன்ன வழி அது. எங்கே கவண்கல் பறந்து வரும், எந்தக் குடியில் சோறு கிடைக்கும் என்பது வரைக்கும் சொல்கிறது. மேளக்காரன் நேராக நடந்து ராஜா வாசலுக்குள் போகிறான்.

இப்போது பூமியைப் பார்ப்போம். தெற்கே தென்பெண்ணை, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாகச் செய்யாறு. இரண்டிலும் பல மாதம் மணல்தான். அதனால் ஏரியும் கிணறும்தான் விவசாயம்: நெல், கரும்பு, மணிலா. மணிலாவை எங்க ஜனங்க மல்லாட்டை என்பார்கள். ஏரி மடையைத் திறந்து தண்ணியைப் பங்கு வைத்த நீர்க்கட்டி வேலையை வடமாவட்டங்களில் பெரும்பாலும் சேரிக்காரர்களே செய்தார்கள். தண்ணி அவர்கள் கையால் பாய்ந்தது, நிலம் மட்டும் வேறு ஆள் பேரில். பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கிய வெள்ளைக்காரன் ஆணையின் தேதி 1892 செப்டம்பர் 30. வட ஆற்காட்டைப் பிரித்து இந்த மாவட்டத்தை உண்டாக்கியது 1989 செப்டம்பர் 30. தற்செயல்தான். ஆனால் ஒரு தேதிக்குத்தான் இங்கே கல்வெட்டு வைப்பார்கள்.

ஆரணியில் பட்டு, வந்தவாசியில் கோரைப்பாய், செய்யாறில் சிப்காட். இவை எதிலும் இடம் கிடைக்காதவர்கள் பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரில் பலர் இந்த மாவட்டத்து ஆட்கள். சாமையும் தேனும் விளையும் மலை என்று எழுதுகிற கையேட்டில் இது வராது.

பர்வதமலைக்கு ஏறப் போகிறவர்கள் கலசபாக்கம் வட்டத்தைத் தாண்டித்தான் போகணும். அதே வட்டத்தில் வீரளூர் இருக்கிறது. அந்த ஊர் அருந்ததியர் கேட்டது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. தங்கள் வீட்டுப் பிணத்தைப் பொதுச்சாலை வழியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோகணும், அவ்வளவுதான். 2022 ஜனவரியில் சாதி இந்துக்கள் கும்பலாகக் காலனிக்குள் புகுந்து வீடுகளையும் வண்டிகளையும் அடித்து நொறுக்கினார்கள். அன்று நடக்கக் கூடாது என்று இந்த ஜனங்களை மறித்தது, கூத்தருக்கு நன்னனிடம் போக வழி சொன்ன அதே மலையடிவாரத்தில். மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர் சாலை போட்டு விளக்கு வைத்த மாவட்டம், தோழர்களே.

பெரிய கோயிலுக்குள் நாம் போவதற்கு 1947 ஆலயப் பிரவேசச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் சாத்தனூர் அணை இருக்கிற தண்டராம்பட்டு வட்டத்துக்குள் வந்துசேர முக்கால் நூற்றாண்டு ஆனது. தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயில் அறநிலையத்துறைக் கோயில்தான். அதற்குள் தலித்துகள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, கலெக்டரும் நூற்றுக்கணக்கில் போலீசும் கூட நிற்க. அதே வருஷம் ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் போலீஸ் காவலோடுதான் நுழைந்தார்கள். இரண்டு ஊருக்கும் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்தே போகலாம்.