கார்டு யாருக்கு? தோட்டத்துப் பிறந்தநாளின் சின்ன வரலாறு

எங்களில் ஒருத்தியின் மகள் லுணுகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ரெண்டாம் ஆண்டு படிக்கிறாள். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். முப்பது பேரில் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கார்டு வந்தது. கார்டு கிடைக்காத மகள் வீட்டுக்கு வந்து கேட்டாள்: "நான் என்னம்மா செஞ்சேன்?" கார்டு கிடைத்த பையன் ஒருவனும் விருந்துக்குப் போகவில்லை. பரிசு வாங்கக் காசில்லை என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

சின்னப் பிள்ளைங்க விஷயம்தானேன்னு இதை விட எங்களுக்கு மனசு வரல. ஏன்னா தோட்டத்துல பிறந்தநாளுக்கே ஒரு வரலாறு இருக்கு.

எங்கள் அப்பாயிமாரிடம் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள். "மண்சரிவு வந்த வருஷம்", "தீபாவளிக்கு மூணாம் நாள்" என்பார்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் ஊர்கூடி நடக்கும். பிறந்தநாள் அப்படியில்லை. அது கடதாசியில் இருக்கிற விஷயம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. லயத்தில் எத்தனை பேரிடம் அந்தக் கடதாசி இருந்திருக்கும்? 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரின் கணக்கை 1974இல் பேசி முடித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலை நம்மாட்கள் 'ஒப்பாரி கோச்சி' என்றார்கள். சொந்தபந்தம், கூடப் படித்தவர்கள் எல்லாம் அதில்தான் போனார்கள். நாடற்றவர் கணக்கைத் தீர்க்கிற சட்டம் 2003இல்தான் வந்தது.

அதனால்தான் பிறப்புச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்கிற பொருளாக இருந்தது. கேக், மெழுகுதிரி, பலூன் எல்லாம் பிறகு வந்தவை. இன்று நம்ம பிள்ளைங்க பிறந்தநாள் கொண்டாடுறது நல்ல விஷயம். நாங்க அதுக்கு எதிரி இல்ல.

கூப்பிடுகிற முறையும் நமக்குப் புதுசில்லை. லயத்தில் கல்யாணம்னா வெத்தல பாக்கோட வீடு வீடா போய்ச் சொல்லணும். ஒரு காம்பராவை விட்டுட்டா அந்தக் கோபம் வருஷக்கணக்கில் நிற்கும். யாரையும் விடக்கூடாது என்கிற அந்தப் பண்பு பெரிசு. ஆனால் பழசு எல்லாம் நல்லதுன்னு சொல்ல மாட்டோம். சாதி பார்த்து வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்த வீடுகளும் இருந்தன. மொய் நோட்டும் இருந்தது. வாங்கினதைத் திருப்பி வைக்கணும், இல்லாட்டி பேச்சு வரும். காசில்லாதவர் "உடம்புக்கு முடியல" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அந்தப் பையனின் அம்மாவும் அதைத்தான் செய்தார். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே 2024 செப்டம்பரில்தான். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு ஒரு நாள் கொழுந்து போயிடும்.

அப்போ கார்டை எப்படி எழுதலாம்? வகுப்பில் கொடுப்பதென்றால் எல்லாருக்கும் கொடுங்கள். வசதி இல்லையா, நாலைந்து பேரை மட்டும் கூப்பிடுங்கள். ஆனால் வகுப்பில் வேண்டாம். பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அன்றைக்குத்தான் வேலை இல்லை. முடிகிற நேரத்தையும் எழுதுங்கள், பஸ் பிடிக்கணும். சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிற வகுப்பென்றால் ரெண்டு மொழியிலும் எழுதி, என்ன சாப்பாடு என்றும் சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு அடுத்த மாதம் ஏழு வயசு. நாங்கள் சேர்ந்து எழுதிய கார்டு இது:

"ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 2 மணியிலிருந்து 4 மணி வரை. வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வாங்க. தம்பி தங்கச்சியையும் கூட்டிட்டு வரலாம். கேக்கும் கடலையும் இருக்கு. பரிசு ஒன்னும் வேணாம், கொண்டு வந்தா திருப்பிக் குடுத்துடுவோம்."

கடைசி வரி கொஞ்சம் கடுமைதான். மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், அப்படிச் சொன்னால்தான் நம்புவார்கள். இருபத்தெட்டுக் கார்டு வகுப்பில் போகும். அந்தப் பையன் வீட்டுக்கு மட்டும் அவளே நடந்து போய், உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, சொல்லிவிட்டு வந்தாள்.