மூணு ரூபாய்க்குப் பன்னிரண்டாவது ஆள்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பையன் இங்கே மும்பையில் பி.எஸ்ஸி. முதல் வருடம் படிக்கிறான். கல்லூரி கிரிக்கெட் டீமில் ரிசர்வ் ஆளாகப் பெயர் வந்திருக்கிறது. மேட்ச் அன்றைக்குப் பார்த்து கெமிஸ்ட்ரி பிராக்டிகல்!

"ஆடக்கூடப் போறதில்ல, தண்ணி பாட்டில் தூக்கத்தான் போறான். அதுக்கு லேபை விடணுமா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். நான் பி.காம். படித்தவன், லேப் வாசலையே மிதித்ததில்லை. அதனால் பதிலுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். அது இந்த ஊர்க் கதை.

1957 வாக்கில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் (அம்பேத்கர் படித்த அதே கல்லூரிதான்) அஜித் வாடேகர் என்ற பையன் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தான். கணக்கில் நல்ல மார்க் வாங்கி இஞ்சினியர் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதே பஸ்ஸில் வந்த சீனியர் மாணவர் பாலு குப்தே. சுழல் மன்னன் சுபாஷ் குப்தேயின் தம்பி, பின்னாளில் தானும் இந்தியாவுக்கு ஆடியவர். ஒருநாள் அவர், "எங்க டீமுக்குப் பன்னிரண்டாவது ஆளா வர்றியா?" என்று கேட்டார். மேட்சுக்கு மூன்று ரூபாய். அன்றைய மாணவனுக்கு அது பெரிய காசு. பையன் போனான்.

1958-59ல் பம்பாய்க்காக ரஞ்சியில் அறிமுகம். ஆனால் டெஸ்ட் வாய்ப்பு வந்தது 1966 டிசம்பரில்தான். நடுவில் எட்டு வருடக் காத்திருப்பு! ஸ்டேட் பாங்க் உத்தியோகமும் அவருக்கு இருந்தது. (நம்ம ஜாதி சார்!) 1971ல் அவர் தலைமையில்தான் வெஸ்ட் இண்டீஸிலும் இங்கிலாந்திலும் முதல் முறையாக டெஸ்ட் தொடரை வென்றோம்.

அந்த 1971 அணியில் இன்னொரு விசேஷம். துணைக் கேப்டன் நம்ம வெங்கட்ராகவன், கிண்டி இஞ்சினியரிங் கல்லூரி. பிரசன்னாவும் இஞ்சினியர்தான். 1962ல் இரண்டு டெஸ்ட் ஆடிவிட்டு, மைசூரில் படிப்பை முடிக்கப் போனவர், 1967 ஜனவரியில் சென்னையில்தான் அடுத்த டெஸ்ட் ஆடினார். ஐந்து வருடம்! படிப்பு அவர் விரலில் இருந்த சுழலைக் கெடுக்கவில்லை. மொத்தம் 189 விக்கெட்.

1974ல் இங்கிலாந்தில் மூன்று டெஸ்டும் தோல்வி, லார்ட்ஸில் 42க்கு ஆல் அவுட். வாடேகரின் டெஸ்ட் வாழ்க்கை அதோடு முடிந்தது. ஆனால் மனிதர் தெருவுக்கு வந்துவிடவில்லை. பாங்க் இருந்தது. பிறகு இந்திய அணியின் மேனேஜர், தேர்வுக்குழுத் தலைவர் என்றெல்லாம் இருந்து 2018ல் காலமானார்.

நான் இதில் பார்ப்பது ஒன்றுதான். இவர்கள் யாரும் படிப்பா ஆட்டமா என்று ஒன்றைத் தூக்கி எறியவில்லை. அன்றைக்குக் காலேஜும் யூனிவர்சிட்டியும் பாங்கும் சேர்ந்து கீழே ஒரு வலை கட்டியிருந்தன, விழுந்தாலும் அடிபடாமல். இன்று அந்த வலையில் ஓட்டைகள் அதிகம். மீதியை வீடுதான் கட்ட வேண்டும்.

இன்னொன்றையும் அன்று ஒப்புக்கொண்டேன். பி.காம். இரண்டாம் வருடத்தில் என்னையும் வாலிபால் டீமுக்கு ரிசர்வ் ஆளாகக் கூப்பிட்டார்கள். காஸ்டிங் பரீட்சை இருக்கிறது என்று போகவில்லை. காஸ்டிங்கில் எவ்வளவு மார்க் வாங்கினேன் என்பது இன்று ஞாபகம் இல்லை. போகாதது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிராக்டிகலை வேற பேட்ச்சோட செய்ய முடியுமான்னு முதல்ல கேட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றாள். கேட்டான், கிடைத்தது.

மேட்சுக்குப் போனான். ஒரு பந்துகூட ஆடவில்லை. முகமெல்லாம் வெயிலில் கறுத்து, வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். மூணு ரூபாயெல்லாம் தரவில்லையாம், ஒரு வடா பாவ்தான்!