சிங்கப்பூரில் வெள்ள நிவாரணம்

சிங்கப்பூரில் வெள்ள நிவாரணம் என்பது, பருவமழைப் பெருவெள்ளங்களில் வீடும் பிழைப்பும் இழந்த தாழ்நிலக் குடியிருப்புகளுக்கு அரசும் தொண்டு அமைப்புகளும் ஆற்றிய மீட்பு, உதவி, மறுகுடியேற்றப் பணிகளைக் குறிக்கும். 1954, 1969, 1978 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் இவ்வரலாற்றில் முக்கியமானவை. வடிகால்கள் சீரமைக்கப்பட்டு, கம்பங்கள் எனப்பட்ட கிராமக் குடியிருப்புகளின் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிய பின் உள்நாட்டு நிவாரணத்தின் தேவை வெகுவாகக் குறைந்தது. இன்று பேரிடர் உதவிக்காகத் திரட்டப்படும் நன்கொடை பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே செல்கிறது.

காரணங்கள்

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் சிங்கப்பூரைப் புயல்கள் நெருங்குவது அரிது. 2001 டிசம்பரில் உருவான வாமெய் சூறாவளி ஒரு விதிவிலக்கு. வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலத்தில் விடாது பெய்யும் அடைமழையே பழைய பெருவெள்ளங்களுக்குக் காரணம். மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் ஆறுகளும் கால்வாய்களும் வடிய வழியின்றிக் கரைபுரண்டன. வாடகை குறைந்த இடங்கள் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலுமே இருந்ததால், அத்தாப்பு ஓலைக் கூரை வீடுகளில் வாழ்ந்த ஏழைகளே முதலில் பாதிக்கப்பட்டனர்.

முக்கிய வெள்ளங்கள்

1969 டிசம்பரில் சுமார் 17 மணி நேரத்தில் 467 மி.மீ. மழை கொட்டியதில் ஐவர் உயிரிழந்தனர். 1978 டிசம்பர் 2 அன்று பாய லேபாரில் பதிவான 512.4 மி.மீ. மழையே சிங்கப்பூரில் ஒரே நாளில் பெய்த மிக அதிக மழை. சென்னைப் பெருவெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் தொடக்கத்தில், தாம்பரத்தில் பெய்த சுமார் 490 மி.மீ. மழையைவிடவும் இது அதிகம். 1978 வெள்ளத்தில் எழுவர் இறந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். சேதம் சுமார் 10 மில்லியன் வெள்ளி என மதிப்பிடப்பட்டது. கோழிப் பண்ணை, பன்றிப் பண்ணை, காய்கறித் தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் வீட்டோடு வருமானத்தையும் இழந்தன. காலாங் ஆற்றோரம் இருந்த போத்தோங் பாசிர் தோட்டக் கம்பம் அடிக்கடி மூழ்கிய பகுதிகளுள் ஒன்று.

லிட்டில் இந்தியா

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையை ஒட்டிய நிலம் ரோச்சோர் ஆற்றின் தாழ்வான படுகையைச் சேர்ந்தது. தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால் 19ஆம் நூற்றாண்டில் அங்கே மாட்டு வணிகம் செழித்தது. எருமைச் சாலையின் பெயர் அதன் எச்சம். மாடுகளுக்கு உதவிய அதே தாழ்வு பின்னாளில் தேக்கா, ஜாலான் புசார் பகுதிக் கடைக்காரர்களுக்குத் தொல்லையானது. மழை மிகுந்தபோது ரோச்சோர் கால்வாய் வட்டாரம் நீரில் நின்றது.

நிவாரண அமைப்பு

மீட்புப் பணியில் காவல்துறை, தீயணைப்புத் துறை, இராணுவம் ஆகியவை ஈடுபட்டன. வெளியேற்றப்பட்டோர் பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் தங்கவைக்கப்பட்டனர். 1946இல் தொடங்கப்பட்ட சமூக நலத்துறை அரசு உதவிக்கு முதுகெலும்பாக இருந்தது. 1935 முதல் இயங்கிய இரட்சணிய சேனை, 1949இல் பிரிட்டிஷ் செஞ்சிலுவையின் கிளையாகத் தோன்றிய சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை தொண்டுத் தரப்பில் வளர்ந்தன. உணவு, உடை, போர்வை ஆகியவை உடனடித் துயரைத் தணித்தன. அடுத்த மழையில் அதே வீடு மீண்டும் மூழ்குவதை அவற்றால் தடுக்க முடியவில்லை.

நிலையான தீர்வுகள்

நிவாரணத்தின் அந்தக் குறையைப் பொறியியலும் வீடமைப்பும் நீக்கின. புக்கிட் தீமா வெள்ளத் தணிப்புத் திட்டத்தின் முதல் கட்டம் 1972இல் முடிந்தது. அதே ஆண்டு சுற்றுப்புற அமைச்சின்கீழ் வடிகால் துறை அமைக்கப்பட்டது. கம்பங்கள் அகற்றப்பட்டு, மக்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் குடியேறினர். 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு, கடல் ஏற்றத்தின்போது மழைநீரை இறைத்து வெளியேற்றி, ஜாலான் புசார், கேலாங், சைனாடவுன் போன்ற தாழ்பகுதிகளைக் காக்கிறது. 1970களில் சுமார் 3,200 எக்டேராக இருந்த வெள்ள அபாயப் பரப்பு இன்று 30 எக்டேருக்கும் குறைவு. ஆனாலும் 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியது, திடீர் வெள்ளம் முற்றிலும் ஒழியவில்லை என்பதைக் காட்டியது.

வெளிநாட்டு உதவி

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் பொதுமக்களிடம் பெரும் நிதி திரட்டியது. 2003இல் நிறுவப்பட்ட மெர்சி ரிலீஃப் தொண்டு அமைப்பு ஆசிய நாடுகளின் பேரிடர்களில் உதவிவருகிறது. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை. திரட்டிய தொகையில் 80 விழுக்காட்டை உள்நாட்டிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணத்துக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்படலாம். தகுதிபெற்ற உள்நாட்டு நன்கொடைகளுக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. வெளிநாட்டு அவசர மனிதநேய உதவிக்கு, குறிப்பிட்ட அறநிறுவனங்கள் வழியாக அளிக்கும் ரொக்க நன்கொடைகளுக்கு 100 விழுக்காடு வரிக்கழிவு தரும் முன்னோட்டத் திட்டம் 2025 ஜனவரி 1 முதல் 2028 இறுதிவரை நடப்பிலிருக்கும்.